கார் ஷெட்டில் பிறந்த பாட்டு – 6: நாற்றங்கால்

சென்ற வாரம் சியாட்டில் நகரின் ஜாக்சன் தெருவில் இருந்தோம். பார்வையில்லாத இளைஞர் ரே சார்லஸ் 1948இல் பஸ் ஏறி அந்த ஊருக்கு வந்து சேர்ந்ததைப் பார்த்தோம். கறுப்பினக் கலைஞர்கள் விடிய விடிய வாசித்த கிளப்புகளுக்குள் எட்டிப் பார்த்தோம். டேவ் லூயிஸ் என்ற ஆர்கன் கலைஞர் அந்த இசையை அடுத்த தலைமுறையின் கையில் கொடுத்ததோடு நிறுத்தினோம். அந்தக் கை யாருடையது என்பதுதான் இந்த வாரக் கதை. சியாட்டிலுக்குத் தெற்கே சுமார் ஐம்பது கிலோமீட்டரில் இருக்கும் டகோமாவுக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் இன்னும் தெற்கே, போர்ட்லாண்ட் வரை ஒரு நடை போய் வந்துவிடலாம்.

1963 ஏப்ரல் 6. போர்ட்லாண்டில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக்கூடம். கிங்ஸ்மென் என்ற உள்ளூர்க் குழு, பள்ளி முடித்த பருவத்துப் பையன்கள், சுமார் 50 டாலர் செலவில் ஒரு பாட்டைப் பதிவு செய்ய வந்திருக்கிறார்கள். முந்தின இரவு இதே பாட்டை மேடையில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நிறுத்தாமல் வாசித்துத் தள்ளியதில் பாடகர் ஜாக் ஈலிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. பல்லில் கம்பி வேறு. பாடகருக்கான மைக்கோ கூரையிலிருந்து எட்டாத உயரத்தில் தொங்குகிறது. சுற்றிலும் டிரம்ஸும் கிட்டாரும் அலற, நடுவில் நின்றுகொண்டு அண்ணாந்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறார் ஈலி. சொல் ஒன்றும் விளங்கவில்லை. நடுவில் கிட்டார் தனியாக வாசித்து முடிக்கும் இடத்தில் அவசரப்பட்டு இரண்டு அடி முன்னாலேயே வாயைத் திறந்துவிட்டார். தப்பு என்று தெரிந்ததும் சட்டென்று நிறுத்தினார். டிரம்ஸ் வாசித்த லின் ஈஸ்டன் படபடவென்று நாலு தட்டுத் தட்டி அந்த ஓட்டையை அடைத்தார். பாட்டு தொடர்ந்தது. திருத்தி மறுபடி எடுப்பதெல்லாம் இல்லை, எடுத்தது எடுத்ததுதான்.

அந்தப் பாட்டு 'லூயி லூயி'. அவ்வாண்டு டிசம்பரில் பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு வந்தது. முதல் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது பெல்ஜியம் நாட்டுக் கன்னியாஸ்திரி ஒருவர் பாடிய 'டொமினிக்'. பிற்காலத்தில் இதைப் பாடிய குழுக்கள் பல, ஈலி அவசரப்பட்ட அந்த இடத்தையும் பிசகாமல் பிசகிப் பாடின.

சரி, ஈலி யாரைப் பார்த்துப் பாடினார்? கிங்ஸ்மென் ஒரு முறை ஒரிகான் கடற்கரையிலுள்ள சீசைட் என்ற ஊருக்கு வாசிக்கப் போயிருந்தார்கள். அங்கே கிளப்பில் இருந்த ஜூக்பாக்ஸில் யாரோ காசு போட்டு ஒரு இசைத்தட்டைச் சுழலவிட்டார்கள். கூட்டம் எழுந்து ஆடியது. தட்டு முடிந்ததும் மறுபடி காசு, மறுபடி அதே தட்டு. மேடையில் வாசிக்க வந்தவர்களுக்கு இல்லாத மரியாதை பெட்டிக்குள் இருந்த தட்டுக்குக் கிடைத்தது. இதை நாமே வாசித்தால் என்ன என்று பையன்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. ஈலி அதை மனத்தில் வாங்கிக்கொண்டு போய்க் குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தார். அப்போது தாளக்கணக்கு கொஞ்சம் பிசகிவிட்டது. மூலத்தில் ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு, ஒன்று-இரண்டு என்று போவது இவர் நினைவில் ஒன்று-இரண்டு-மூன்று, ஒன்று-இரண்டு என்று பதிந்திருந்தது. ஒரு தட்டு குறைந்ததில் பாட்டுக்கு ஒரு நொண்டல் வந்தது. அந்த நொண்டலே ஆட்டத்துக்கு வாகாகப் போயிற்று. படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். இங்கே படித்தவன் கெடுத்ததால்தான் பாட்டு பிழைத்தது.

ஜூக்பாக்ஸில் சுழன்ற அந்தத் தட்டில் பாடகர் பெயராக ராக்கின் ராபின் ராபர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தது. பின்னால் வாசித்த குழுவின் பெயர் வெய்லர்ஸ். பாப் மார்லியின் வெய்லர்ஸ் நினைவுக்கு வந்தால் அவர்களைச் சற்று ஓரமாக நிறுத்திவையுங்கள். அவர்கள் ஜமைக்காவில் சேர்வதற்கு ஐந்து வருடம் முன்பே, 1958இல், டகோமாவில் இந்தப் பெயர் புழங்கிக்கொண்டிருந்தது.

டகோமாவை அழகான ஊர் என்று அந்நாளில் யாரும் சொன்னதில்லை. துறைமுகம், மர அறுவை ஆலைகள், தாது உருக்காலை, காகிதக்கூழ் ஆலை. கூழ் ஆலையின் வாடைக்கு 'டகோமா நறுமணம்' என்று கேலிப் பெயரே உண்டு. ஊரை ஒட்டி ஃபோர்ட் லூயிஸ் ராணுவ முகாமும் மெக்கார்ட் விமானப்படைத் தளமும். ஆலைத் தொழிலாளி, சிப்பாய், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று வார இறுதியில் ஆடித் தீர்க்க ஒரு பெருங்கூட்டம் காத்திருந்தது. ஆனால் நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலஸும் வெகு தூரம். பெரிய பாடகர்கள் சுற்றுப்பயணத்தில் இந்த மூலைக்கு எப்போதாவதுதான் எட்டிப் பார்ப்பார்கள். கூட்டம் இருக்கிறது, மண்டபம் இருக்கிறது, வாசிக்க ஆள் இல்லை. அந்த இடத்தில்தான் உள்ளூர்ப் பையன்கள் புகுந்தார்கள்.

ஐந்து பேர். ஜான் கிரீக், ரிச் டேஞ்சல் இருவரும் கிட்டார். கென்ட் மோரில் பியானோவும் பாட்டும். மார்க் மாரூஷ் சாக்ஸஃபோன். மைக் பர்க் டிரம்ஸ். எல்லோரும் வெள்ளைக்காரப் பிள்ளைகள். காதில் வாங்கியதெல்லாம் லிட்டில் ரிச்சர்ட் முதலான கறுப்பினப் பாடகர்களை. சியாட்டிலில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனியாக இருந்த இசைக்கலைஞர் சங்கங்கள் 1958இல்தான் ஒன்றாயின. அதே வருடம் இந்தக் குழுவும் சேர்ந்தது என்பது தற்செயல்தான். ஆனாலும் அந்தக் காலத்தின் சுவர்கள் எங்கே கரையத் தொடங்கின என்று அது காட்டுகிறது.

பாட்டே இல்லாத, வெறும் வாத்திய உருப்படி ஒன்றை இவர்கள் வைத்திருந்தார்கள். நியூயார்க் பக்கத்து கோல்டன் கிரெஸ்ட் நிறுவனத்தின் கிளார்க் கேல்ஹவுஸ் காதுக்கு அது எட்டியது. அவர் டகோமா பக்கம் வந்து ஒரு மண்டபத்தில் வைத்தே பதிவு செய்துகொண்டு போனார். 1959இல் 'டால் கூல் ஒன்' என்ற பெயரில் வெளிவந்து பில்போர்டில் 36ஆம் இடம் வரை ஏறியது. பையன்கள் காரில் நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனார்கள். டிக் கிளார்க் தொலைக்காட்சியில் வாசித்தார்கள். ஆலன் ஃப்ரீட் நிகழ்ச்சியிலும் வாசித்தார்கள். இங்கேயே தங்கிவிடுங்கள் என்றார் கேல்ஹவுஸ்.

இந்த இடத்தில் இசை வரலாறு வழக்கமாக ஒரு மாதிரிதான் போகும். ஊர்ப் பிள்ளை பட்டணம் போவான், பெரிய நிறுவனம் அவனுக்குக் கோட்டு தைத்துப் போடும், பாட்டை வழவழப்பாக்கும், இரண்டு வருடத்தில் தூக்கி எறியும். வெய்லர்ஸ் பையன்கள் ஊர் திரும்பினார்கள். சிலருக்குப் பள்ளிப் படிப்பே முடிந்திருக்கவில்லை. கோல்டன் கிரெஸ்ட் அவர்களைக் கைவிட்டது. ஒரு கணக்கில் பார்த்தால் கையில் வந்த வாய்ப்பை நழுவவிட்டவர்கள். வடமேற்குப் பாட்டின் கணக்கிலோ அந்தத் திரும்புதல்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

ஊருக்கு வந்தவர்களோடு இரண்டு பேர் சேர்ந்தார்கள். இருவரும் டகோமாவின் இன்னொரு குழுவான புளூநோட்ஸிலிருந்து வந்தவர்கள். ஒருவர் பேஸ் கிட்டார் வாசித்த பக் ஆர்ம்ஸ்பி. மற்றவர் ராக்கின் ராபின் ராபர்ட்ஸ். மேடையில் நிற்காமல் துள்ளுபவர். பழைய தட்டுகள் குவிந்த கடைத் தொட்டியில் இவர் தோண்டி எடுத்ததுதான் ரிச்சர்ட் பெர்ரி 1957இல் வெளியிட்ட 'லூயி லூயி'. பெர்ரி லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த கறுப்பினப் பாடகர். மதுக்கடைக்காரரிடம் ஒரு மாலுமி தன் காதலியைப் பற்றிச் சொல்லிப் புலம்புவதுதான் பாட்டு. கரீபியக் கடற்காற்றும் சா-சா-சா தாளமும் கலந்த, மெல்ல இடுப்பசைக்கும் மெட்டு. தட்டின் பின்பக்கத்தில் கிடந்தது.

வெய்லர்ஸ் அந்த மெட்டை எடுத்து, அதன் குழைவை உதறினார்கள். பெர்ரியின் பாட்டில் பின்னணியாக அசைந்துகொண்டிருந்த அந்தச் சிறு தொடரை முன்னால் இழுத்து, கனமாக, காலால் தரையை மிதிக்கிற மாதிரி அடித்தார்கள். கிட்டார் தனியாக நுழையும் இடத்துக்கு முன்னால் ராபர்ட்ஸ் ஒரு கூவல் போட்டார். பெர்ரியின் பாட்டில் இல்லாத கூவல் அது. அதன் பின் டேஞ்சலின் கிட்டார். மூன்றே சுருதிக் கூட்டு. இசை படித்தவனுக்குச் சலிப்பூட்டும் எளிமை. ஆனால் கிட்டார் வாங்கி மூன்று வாரமான பையன் எவனும் இதைக் கேட்டால், இது என்னாலும் முடியும் என்பான். கராஜ் ராக் என்ற வகைக்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணம் இல்லை.

இந்தத் தட்டை யார் வெளியிடுவது? நியூயார்க் கைவிட்டாகிவிட்டது. ஆர்ம்ஸ்பி, மோரில், ராபர்ட்ஸ் மூவரும் சொந்தமாக ஒரு லேபிள் தொடங்கினார்கள். பெயர் எட்டிக்கெட், அதாவது நன்னடத்தை. நன்னடத்தை என்று பெயர் வைத்துவிட்டு அவர்கள் வெளியிட்டதெல்லாம் அடக்க ஒடுக்கம் அறியாத சத்தம். 1961இல் அந்த லேபிளின் முதல் தட்டாக 'லூயி லூயி' வந்தது. சியாட்டில் வானொலியில் ஓடோ ஓடென்று ஓடியது. லாஸ் ஏஞ்சலஸின் இம்பீரியல் நிறுவனம் அதை வாங்கி நாடு முழுக்க விட்டுப் பார்த்தது, எடுபடவில்லை. வட்டாரத்துக்குள் வேதம், வட்டாரத்துக்கு வெளியே ஒன்றுமில்லை. அந்த நிலையில்தான் சீசைட் ஜூக்பாக்ஸுக்குள் ஒரு பிரதி போய்ச் சேர்ந்தது.

தட்டு ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தக் குழு வாழ்ந்தது மேடையில். சியாட்டிலுக்கும் டகோமாவுக்கும் நடுவே பழைய 99ஆம் நெடுஞ்சாலையில் ஸ்பானிஷ் காசில் என்று ஒரு நடனக்கூடம் இருந்தது. 1930களின் தொடக்கத்தில், கோட்டை கொத்தளம் போலச் சுண்ணாம்பும் சிமென்ட்டும் பூசிக் கட்டியது. பாட்டன் பாட்டி ஜாஸுக்கு ஆடிய அந்தத் தரையில் இப்போது பேரப்பிள்ளைகள். கே.ஜே.ஆர். வானொலியின் பேட் ஓடே பகலில் தட்டுகளைச் சுழலவிடுவார்; வார இறுதியில் நடன நிகழ்ச்சிகளையும் அவரே நடத்துவார். எனவே உள்ளூர்க் குழுவின் பாட்டு வானொலியில் ஒலிக்கும், அதைக் கேட்ட பிள்ளைகள் டிக்கெட் வாங்குவார்கள், டிக்கெட் விற்ற குழு அடுத்த தட்டைப் போடும். நியூயார்க்கின் தயவு எதற்கும் தேவைப்படவில்லை. வெய்லர்ஸின் அந்த மேடைச் சத்தம் 1962இல் 'அட் தி காசில்' என்ற நேரடி ஒலிப்பதிவு ஆல்பமாக எட்டிக்கெட்டிலேயே வந்தது. பதின்மூன்று வயதில் இவர்களோடு பாட வந்த கெயில் ஹாரிஸின் குரலும் அதில் உண்டு. வட்டாரத்துப் பையன்களுக்கு அது பாடப்புத்தகமாகவே ஆகிவிட்டது. ஆல்பத்தை வைத்துக்கொண்டு வரிசையாக ஒவ்வொரு பாட்டையும் வாசித்துப் பழகியவர்கள் எத்தனையோ.

காசிலைச் சுற்றித் திரிந்தவர்களில் ஒரு ஒல்லியான கறுப்பினப் பையனும் உண்டு. அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயர்கள் நம்ப முடியாதவை. பாதிக் கச்சேரியில் புகைந்துவிடும். இந்தப் பையன் தன் ஆம்ப்ளிஃபயரைக் காரில் வைத்துக்கொண்டு காத்திருப்பானாம். உங்களுடையது கெட்டுப்போனால் என்னுடையதைத் தருகிறேன், ஆனால் கூடவே நானும் வாசிப்பேன் என்பது ஒப்பந்தம். இதைப் பின்னாளில் சொன்னவர் பேட் ஓடே. பையன் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். லண்டன் போய் உலகப் புகழ் பெற்ற பிறகு, 1967இல், ஹெண்ட்ரிக்ஸ் 'ஸ்பானிஷ் காசில் மேஜிக்' என்றே ஒரு பாட்டுக்குப் பெயர் வைத்தார். ஓடே சொன்னதில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். பாட்டின் பெயரில் மெருகுக்கு இடமில்லை.

இனி கிங்ஸ்மென் தட்டு என்ன ஆயிற்று என்று பார்ப்போம். அவர்கள் பதிவு செய்த அதே கூடத்தில், ஏறத்தாழ அதே நாட்களில், பால் ரெவியர் அண்டு தி ரெய்டர்ஸ் என்ற போட்டிக் குழுவும் அதே பாட்டைப் பதிவு செய்தது. ரெய்டர்ஸைக் கொலம்பியா என்ற பெரிய நிறுவனம் எடுத்துக்கொண்டது. வட்டாரத்தில் அவர்கள் தட்டுதான் நன்றாக விற்றது. கிங்ஸ்மென் கதை முடிந்தது என்று நினைத்த நேரத்தில், நாட்டின் மறுகோடியில் பாஸ்டன் வானொலியின் ஆர்னி கின்ஸ்பர்க், வாரத்தின் படுமோசமான பாட்டு என்று கேலிசெய்து கிங்ஸ்மென் தட்டைப் போட்டார். பாஸ்டன் பிள்ளைகள் கேலியைக் கழற்றிவிட்டுப் பாட்டை எடுத்துக்கொண்டார்கள். தட்டு பறந்தது. அண்ணாந்து கத்திய ஈலி அப்போது குழுவிலேயே இல்லை. டிரம்ஸ் ஈஸ்டன் முன்னால் வந்து பாட ஆசைப்பட்டார். குழுவின் பெயர் ஈஸ்டன் குடும்பத்தின் பேரில் பதிவாகியிருந்தது. ஈலி வெளியேற வேண்டியதாயிற்று.

1964க்குப் பிறகு அமெரிக்காவில் எந்தத் தெருவில் எந்தப் பையன் கிட்டாரைத் தொட்டாலும் முதலில் வாசித்தது 'லூயி லூயி'தான் என்னும் அளவுக்கு அது பரவியது. அட்லாண்டிக்கைத் தாண்டி லண்டனில் கிங்க்ஸ் குழுவும் அதே வருடம் பதிவு செய்தது. இத்தனை பேரும் கேட்டது கிங்ஸ்மென் தட்டை. கிங்ஸ்மென் கேட்டது வெய்லர்ஸ் தட்டை. ஒலிப்பதிவில் மைக் மிட்செல் வாசித்த கிட்டார்த் துண்டைக் கேட்டுவிட்டு டேஞ்சலுடையதைக் கேட்டுப் பாருங்கள். அப்பன் சாயல் பிள்ளை முகத்தில் தெரியும்.

இது ஒரு கிளை. இன்னொரு கிளை டகோமாவிலேயே கிளம்பியது. ஆர்ம்ஸ்பி தன் லேபிளுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தபோது சோனிக்ஸ் என்ற குழுவைக் கண்டார். மெக்கார்ட் தளத்து ஜெட் விமானங்கள் ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறக்கும்போது எழும் வெடிச்சத்தம்தான் பெயருக்கு மூலம். பரீப்பா சகோதரர்கள் இருவர், சாக்ஸஃபோனில் ராப் லிண்ட், டிரம்ஸில் பாப் பென்னட், பாட்டுக்கு ஜெர்ரி ராஸ்லி. 1964இல் 'தி விட்ச்', 1965இல் 'ஹியர் ஆர் தி சோனிக்ஸ்' ஆல்பம், இரண்டும் எட்டிக்கெட்டில். ஆல்பத்தில் வெய்லர்ஸின் 'டர்ட்டி ராபர்' பாட்டும் இருந்தது. குருவின் பாட்டைச் சிஷ்யன் பாடினால் பவ்யமாகப் பாடுவான் என்று எதிர்பார்ப்போம். ராஸ்லி தொண்டை கிழியக் கத்தினார். 1966இல் வந்த அடுத்த ஆல்பத்துக்கு டகோமாவில் ஒரு கன்ட்ரி இசை ஸ்டுடியோவில் பதிவு நடந்தபோது, சத்தத்தை உறிஞ்சுவதற்காகச் சுவரில் ஒட்டியிருந்த முட்டை அட்டைகளைப் பிய்த்துப் போட்டார்கள் என்று குழுவினர் சொல்வதுண்டு. சத்தம் உறிஞ்சப்படுவதில் அவர்களுக்கு விருப்பமில்லை. சுவரில் மோதித் திரும்பி வரட்டும் என்றார்கள்.

சோனிக்ஸும் அன்று வட்டாரத்தைத் தாண்டிப் பெரிதாகப் போகவில்லை. ஆனால் தட்டுகள் காத்திருக்கும். 1972இல் லென்னி கே என்ற எழுத்தாளர் 'நக்கெட்ஸ்' என்ற தொகுப்பில் இந்த மாதிரி மறந்துபோன ஊர்க்குழுப் பாட்டுகள் 27ஐச் சேர்த்தார். அதன் குறிப்பில் பங்க் ராக் என்ற சொல்லைப் பயன்படுத்தினார். பழைய தட்டுகளைத் தேடும் ஒரு கூட்டம் உருவாயிற்று. நியூயார்க்கின் கிராம்ப்ஸ் குழு 1980இல் சோனிக்ஸ் பாட்டு ஒன்றைத் தன் முதல் ஆல்பத்தில் சேர்த்தது. அதற்குப் பத்தாண்டு கழித்து உலகமே சியாட்டில் பக்கம் திரும்பியபோது, நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் ஒரு வானொலிப் பேட்டியில் சோனிக்ஸ் தட்டின் டிரம்ஸ் சத்தத்தைப் போல் எங்கும் கேட்டதில்லை என்ற பொருளில் வியந்தார். பெரிய ஊர் கூப்பிடும்வரை காத்திராமல் சொந்த லேபிளில் தட்டுப் போட்டு, சொந்த ஊர்க் கூட்டத்துக்கு வாசிப்பது என்ற வழி அந்தப் பகுதியில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியிருக்கவில்லை. 1961இலேயே மூன்று பேர் அதைச் செய்து காட்டியிருந்தார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. முதல் கராஜ் குழு என்ற பட்டத்தை வெய்லர்ஸுக்குச் சூட்டுபவர்கள் பலர். எனக்கு அதில் அவ்வளவு ஆர்வம் இல்லை. பட்டம் கொடுக்கத் தொடங்கினால் டேவ் லூயிஸுக்கு என்ன கொடுப்பது? ரிச்சர்ட் பெர்ரிக்கு என்ன கொடுப்பது? பெர்ரி தன் பாட்டின் உரிமையை 750 டாலருக்கு விற்றிருந்தார். கோடிக்கணக்கில் சம்பாதித்த பாட்டிலிருந்து அவருக்கு நியாயமான பங்கு வரத் தொடங்கியது 1980களில்தான். வெய்லர்ஸ் கொடுத்தவர்கள் என்பது போலவே வாங்கியவர்களும்கூட. வாங்கியதற்கான விலையை யாரும் அன்று கேட்கவில்லை.

என் கண்ணுக்கு அவர்கள் ஒரு நாற்றங்கால். நெல் விளைகிற ஊரில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: ஊரிலேயே மிகப் பச்சையாக நிற்பது நாற்றங்கால்தான், ஆனால் முதலில் வெறுமையாவதும் அதுதான். நாற்றைப் பிடுங்கி முடிகட்டி எடுத்துப்போய் வேறு வயல்களில் நடுவார்கள். அறுவடை அங்கே நடக்கும். களத்துமேட்டில் நெல்லை அளக்கும்போது நாற்றங்காலின் பேச்சே வராது.

வெய்லர்ஸ் 1969இல் கலைந்தார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1967 டிசம்பரில், ராபின் ராபர்ட்ஸ் கலிபோர்னியாவில் ஒரு கார் விபத்தில் இறந்தார். வயது 27. ஹெண்ட்ரிக்ஸ் ஸ்பானிஷ் காசிலைப் பாட்டில் ஏற்றியதும் அதே மாதம்தான் வெளியே வந்தது. அடுத்த வருடம் அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். ராபர்ட்ஸ் பாட்டின் நடுவே போட்ட கூவல் மட்டும் கிங்ஸ்மென் தட்டில் ஈலியின் வாய் வழியாக இன்றும் கேட்கிறது. கட்டிய தொண்டையோடு, மைக்கை அண்ணாந்து பார்த்து, அவர் வேறொருவருடைய கூவலைத்தான் கூவிக்கொண்டிருந்தார்.

அந்தத் தட்டில் ஈலி என்னதான் பாடினார் என்று அமெரிக்க அரசாங்கத்துக்கே ஒரு சந்தேகம் வந்தது. எஃப்.பி.ஐ. ஆய்வுக்கூடத்தில் தட்டை வேகமாகவும் மெதுவாகவும் சுழலவிட்டு அதிகாரிகள் காதைத் தீட்டிய கதை, அடுத்த வாரம்.